சம்பந்தியம்மாவின் கம்பளியும் வனிலாப் பெட்டியும்

சம்பந்தியம்மா,

உங்கள் கம்பளியை இன்று காலை வெயிலில் போட்டேன். ஆவணி வெயில் நல்ல சூடு. வேலிக் கம்பியில் விரித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வாசம் கிளம்பிவிட்டது. முதலில் எங்கள் வாசல், பிறகு உங்கள் வாசல், அப்புறம் கீழ் வரிசை வீடுகள் வரைக்கும் போயிருக்கிறது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சரோஜா அடுப்பை அப்படியே விட்டு வெளியே வந்து, "என்னாங்க, சம்மந்தியம்மா வந்துட்டாங்க போல இருக்கே" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. எட்டு மாதமாக நெஞ்சுக்குள் கட்டிவைத்திருந்த சிரிப்பு. அழுவதற்கு நிறைய நாள் இருக்கிறது, இன்றைக்கு ஜெயித்த செய்தியைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். சரோஜாவிடம் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி நின்று.

என் மகனுக்கு உங்கள் மகள் வசந்தியைக் கொடுத்தீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நாம் இங்கே ஹாலிஎலைக்குக் கீழே, தோட்டத்தில் கிடைத்த, ஏழு பேர்ச் அளவேயான குட்டிக் காணி வீடுகளில், ஒரு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டோம். சம்பந்திகள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது. உங்கள் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறியது. என் வாழை உங்கள் பக்கம் சாய்ந்து குலை தள்ளியது. குலையை வெட்டி நீங்கள் பாதி கொடுத்தீர்கள், அதுவும் சின்னப் பாதி. நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன், பெண் கொடுத்த வீடு என்று.

என்னைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு உண்டு. உங்களுக்குத் தெரியாததா? முப்பத்தொரு வருஷம் தேயிலை பெக்டரியில் டிரையருக்கு முன்னால் நின்றவன். தூளைக் கையில் எடுத்து நசுக்கினால் போதும், ஈரம் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவேன். மெஷின் சொல்வதற்கு முன்னால் என் விரல் சொல்லும். பெக்டரியை நடத்துகிற டீமேக்கர்மார் எத்தனையோ பேர் வந்தார்கள் போனார்கள், எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஈரம் என்றால் எனக்குப் பகையாளி. ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் துரத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் நான் கற்ற படிப்பு. நீங்களோ மலையில் கொழுந்து எடுத்தவர். உங்கள் வேலை கூடையோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எங்கள் சாம்ராஜ்யம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒருநாள் ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு கொடித்துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினீர்கள். ஹாலிஎலையில் விவசாய ஐயா ஒருத்தர் ஒருநாள் வகுப்பு எடுத்தார் என்று, பென்சன் காலத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலப் போய் வந்திருந்தீர்கள்.

"இது என்னா கொடி?"

"வனிலா. ஐஸ்கிரீமுல போடுறாங்களே, அது."

"நம்ம வேலியிலயா?"

"ஏன், வேலிக்கு என்னா கொறச்சல்?"

நான் சிரித்தேன். மூன்று வருஷம் சிரித்தேன். வேலியில் நின்ற கிளிசரியா மரத்தில் கொடி ஏறியதே தவிரப் பூக்கவில்லை. காலையில் நீங்கள் அதற்குப் பழைய தேயிலைச் சக்கையும் காய்ந்த இலையும் அள்ளிப் போடுவதை வேலிக்கு மேலால் பார்த்து, "என்னா சம்மந்தி, ஐஸ்கிரீம் எப்ப வரும்?" என்று கேட்பேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டீர்கள். "ஒங்க பல்லு விழுறதுக்கு முந்தி வந்துரும்" என்பீர்கள்.

பூத்தது. அன்றைக்குத்தான் அந்தப் பூ ஒரு காலை நேரம் மட்டுமே விரிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் வாடிவிடும். அதன் மகரந்தத்தை எடுத்து அதற்கே சேர்த்துவைக்கிற வண்டு இந்த நாட்டில் இல்லையாம், மனுஷர் கையால்தான் செய்யவேண்டுமாம். ஈர்க்குச் சீவலை விரலிடுக்கில் பிடித்து, பூவின் உதட்டைக் கிழித்து, உள்ளே இருக்கிற மெல்லிய மூடியைத் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. முடிந்தது. கொழுந்து எடுத்த விரல் அல்லவா, ஒரு பூவுக்கு நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடுவீர்கள். "என்னா செய்றீங்க அதுக்குள்ள?" என்று கேட்டதற்கு, "சம்மந்தம் பேசுறேன். நமக்கு வராததா?" என்றீர்கள். அன்றைக்கு முதல்முறையாக உங்கள் பகிடிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

முதல் காய்கள் மார்கழியில் நுனி மஞ்சளாகி வந்தன. மார்கழி என்றால் நம் பக்கத்தில் என்ன என்று சொல்லவேண்டுமா? நாளெல்லாம் மழை, வெயில் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். பச்சை வனிலாவுக்கு வாசமே கிடையாது, அவரைக்காயைப் போல இருக்கும். அதை வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, பெட்டியில் வைத்து வேர்க்கவிட வேண்டும், பிறகு வெயில், மறுபடி கம்பளி, அப்புறம் நிழலில் இரண்டு மாதம், பெட்டியில் இன்னும் பல மாதம் என்று நீங்கள் வகுப்பில் கேட்டதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தீர்கள்.

"எங்க எழுதியிருக்கு?" என்றேன்.

"எழுதல. கேட்டுக்கிட்டு வந்தேன்."

"ஈரத்தோட கம்பளியில சுத்துனா பூசணம்தான் புடிக்கும். இது கொழுந்து எடுக்கிற வேலை இல்ல சம்மந்தி. காய வைக்கிற வேலை. எங்கிட்ட விடுங்க."

நீங்கள் விட்டீர்கள். எதற்காக விட்டீர்கள் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மகள் வாழப்போன வீட்டு ஆள் கேட்டுவிட்டான் என்றுதான் இருக்கும். வெந்நீரும் வேண்டாம், வேர்வையும் வேண்டாம் என்று காய்களைத் தகரத் தட்டில் பரப்பி, அடுப்பு மேட்டுக்குக் கொண்டுபோய், இளஞ்சூட்டில் காயவைத்து எடுத்தேன். டிரையருக்கு முன்னால் நின்ற அதே கம்பீரத்தோடு நின்றேன். நான்கு நாளில் வேலை முடிந்தது. ஒரு காயை எடுத்து ஒடித்தேன். படக்கென்று ஒடிந்தது. "பார்த்தீங்களா, ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்று உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கி மூக்கில் வைத்தீர்கள். தட்டிலேயே திரும்ப வைத்தீர்கள். தேயிலை காய்கிற மாதிரி எல்லாமும் காயும் என்று நினைக்கிற முட்டாள்தனம் என்னைப் போல டிரையருக்கு முன்னால் ஆயுளைக் கழித்தவனுக்குத்தான் வரும்.

அதை எடுத்துக்கொண்டு பதுளைக் கடைவீதிக்குப் போனோம், மசாலாக் கடை ஹாஜியாரிடம். ஏலம், கராம்பு, மிளகு என்று அவர் மூக்கு பார்க்காத சரக்கு ஊவா மாகாணத்தில் இல்லை. ஒரு காயை விரலில் வளைக்கப் பார்த்தார். இரண்டாக உடைந்து மேசையில் விழுந்தது. கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது வனிலாவா, வெறகா? யாரு காய வெச்ச?" என்று சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "நாந்தாங்க ஹாஜியார். என் கைக்கு வரல."

எனக்குக் கையில் ஒரு பிளேன்டீக் கோப்பை கொடுத்திருந்தார்கள். நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இல்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"நீங்க முப்பத்தோரு வருசம் டிரையர்ல நின்ன மனுசன். ஒங்களுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு எந்தப் பேரு இருக்கு, கெட்டுப் போறதுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் ஊர் நடப்பைச் சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள். அந்தக் கதை நமக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துசேர்ந்திருந்தது. பழைய கங்காணி தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று, "கைராசி இல்லாதவ கையில குடுத்தா வனிலாவும் வெறகுதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு நான் தண்ணீர் பிடித்தேன். ஒரு வருஷம் அந்தப் பழியை நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த மார்கழியில் காய் வந்தபோது நான் வேலியோரம் தயங்கித் தயங்கி நின்றேன். நீங்களே கூப்பிட்டீர்கள். "வாங்க சம்மந்தி. ஆனா நீங்க மணி பாக்குற ஆளு மட்டும். மூணு நிமிசம் ஆனதும் சொல்லணும். வேற எதுவும் சொல்லக் கூடாது." வாயை மூடிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அண்டாவில் தண்ணீர் சூடானது. கொதி வரவிடாமல், குமிழி எழும்பாமல், விரலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொள்கிற சூட்டில் நிறுத்தினீர்கள். அதற்கு எந்த மெஷினும் இல்லை, உங்கள் சுண்டுவிரல்தான். கூடையோடு காய்களை இறக்கினீர்கள். மூன்று நிமிஷம். தூக்கி உதறி, சூடு ஆறுவதற்குள் உங்கள் கம்பளிக்குள் வைத்துச் சுற்றினீர்கள்.

அந்தக் கம்பளியை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். மழையில் மலைக்கு ஏறுகிற பெண்கள் வரிசையில் தலையில் அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் போவதை பெக்டரி ஜன்னலிலிருந்து எத்தனை காலை பார்த்திருப்பேன். எவ்வளவு மழை, எவ்வளவு குளிர் அதற்குள் போயிருக்கும். அதைச் சவர்க்காரம் போட்டு அலசி, வாரக்கணக்கில் வெயில் காட்டி, தயாராக வைத்திருந்தீர்கள். என் வீட்டு மூலையில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டி, பலகைப் பெட்டி, அதைக் கேட்டு வாங்கி, தேயிலை வாசம் போகும்வரை கழுவிக் காயவைத்து, உள்ளே கம்பளிச் சுருட்டை இறக்கி மூடினீர்கள். மறுநாள் திறந்தபோது பச்சைக் காய்கள் எல்லாம் கறுத்து, பளபளவென்று, முத்து முத்தாக வேர்த்திருந்தன. ஈரம்! கை துறுதுறுத்தது.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றீர்கள். "மோந்து பாருங்க."

மோந்தேன். அவரைக்காய் வாசம் போய், அடியில் எங்கோ வேறு ஒன்று தொடங்கியிருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டேன்.

தினம் வெயில் வரும் அந்த இரண்டு மணி நேரம் காய்கள் வெளியே. தொட்டால் சுடுகிற அளவு சூடேறியதும், சூட்டோடு சூடாகக் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள். பதினான்கு நாள் இப்படிச் செய்யவேண்டும். ஒன்பதாவது நாள் காலையில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. த்ரீவீலரில் ஏற்றினோம். உள்ளே உட்கார்ந்துகொண்டு, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்க, என்னை விரலால் கூப்பிட்டீர்கள்.

"வெயில் வந்தா வெளிய போடுங்க சம்மந்தி. சூடா இருக்கையிலயே சுத்துங்க. ஒங்க மூளைய மட்டும் அதுல போட்டுறாதீங்க."

என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவரை மறுநாள் காலை பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து வெயில் வந்தது. முந்தின நாள் முழுக்க முகம் காட்டாத வெயில், பத்து மணிக்கு மேகத்தை விலக்கிக்கொண்டு அடித்தது. உங்கள் வாசலில் தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. வசந்தியும் என் மகனும் கொழும்பிலிருந்து வந்து இறங்கி அழுதுகொண்டிருந்தார்கள். நான் எழுந்து பின்பக்கம் போய், தேயிலைப் பெட்டியைத் திறந்து, காய்களை எடுத்து, சாக்கை விரித்து வெயிலில் பரப்பினேன். பார்த்தவர்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "சம்மந்தி செத்த அன்னிக்கும் காய போடுறான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சவப்பெட்டியை மூடும் நேரம் வந்தது. நம் ஆட்களில் போனவரின் பாயும் தலையணையும் போர்வையும் கூடவே போகவேண்டும். கங்காணி முன்னால் வந்து நின்றார்.

"அவ கம்பளி எங்கப்பா? முப்பது வருசம் மழையில போத்துன கம்பளி. அதப் போத்தித்தான் அனுப்பணும்."

"அது வராதுங்க."

"என்னாது?"

"வராது. இன்னும் அஞ்சு நாளைக்கு அது வேணும்."

தப்பு நின்றுவிட்டது. சரோஜா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பான். இந்தக் காய்கள் கெட்டால் கைராசி இல்லாதவள் என்ற பேரோடு நீங்கள் மண்ணுக்குள் போவீர்கள், அந்தப் பேரை உங்களுக்கு வாங்கிக்கொடுத்தவன் நான் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லத் தைரியம் அன்றைக்கும் வரவில்லை. கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

வசந்திதான் எழுந்து வந்தாள். கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். "மாமா சொல்றதுதான் சரி. அம்மா கம்பளி இங்கயே இருக்கட்டும்" என்றாள். சரோஜா வீட்டுக்குள் ஓடி, மகன் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்த, நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்த சிவப்புப் போர்வையை எடுத்துவந்து உங்களுக்குப் போர்த்தினாள். நல்ல போர்வைதான் சம்பந்தியம்மா. குளிராது. அடக்கம் முடிந்து வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. காய்கள் இன்னும் சூடாக இருந்தன. சுற்றிவைத்துவிட்டுத்தான் குளித்தேன்.

அதற்குப் பிறகு நிழல் காலம். உங்கள் முன்னறையில் மூங்கில் தட்டி கட்டி, காய்களைப் பரப்பி, தினம் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு வாரம் விடாத மழை. காய்கள் தொய்ந்து கிடந்தன. என் பழைய புத்தி தலையெடுத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புவரைக்கும் போய்விட்டேன். ஒரு அரைமணி நேரம், லேசான சூடு, யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது த்ரீவீலருக்குள் இருந்து நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டோடு திரும்பி நடந்தேன். "மூளைய போட மாட்டேன், போட மாட்டேன்" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு, இவருக்கு என்ன ஆயிற்று என்று சரோஜா பயந்துபோனாள்.

பங்குனியில் ஒருநாள் ஒரு காயை விரலில் சுற்றினேன். மோதிரம் போலச் சுற்றிக்கொண்டு நின்றது. ஒடியவில்லை. விட்டதும் மெதுவாகப் பிரிந்தது. ஈரத்தைக் கொல்லாமல் அதனோடு சமாதானமாகப் போகவேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என் விரலுக்குப் புரிந்தது. அதே பங்குனியில் கொடியும் பூத்துவிட்டது. இந்தக் கிழவன் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு பூக்களுக்குச் சம்பந்தம் பேசப் போனேன். கண்ணில் புகை மூடியிருந்த காலம். முதல் நாள் தொட்ட பூக்கள் எல்லாம் மறுநாள் உதிர்ந்தன. நீங்கள் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கை பிடிபட்டது.

காய்களைக் கட்டுக் கட்டாக நூலால் கட்டி, மெழுகுத் தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கினேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை திறந்து மோந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வாசம் ஒரு படி ஏறியிருந்தது. ஆனி கடைசியில் என் மகன் வந்து, கண் ஆப்பரேஷனுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆறு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாலும் மனம் பெட்டியில்தான்.

போன வாரம் வந்து இறங்கியதும் கைகால்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்தேன். தாளைப் பிரித்தேன்.

வெள்ளை. காய்களின் மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முறையும் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வாசலால் போன கங்காணி எட்டிப் பார்த்து, "பூசணமா? நான் அப்பவே சொன்னேனே, அவ கைராசி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை, என் மேல். ஒரு கட்டைத் தூக்கி எறிவதற்காக வாசலுக்கு வந்தேன். வெயில் அதன்மேல் பட்டது. மினுங்கியது.

பூஞ்சணம் மினுங்குமா? புதுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். மாவு மாதிரி அப்பியிருக்கவில்லை. ஊசி ஊசியாக, சீனியை விட மெல்லிசாக நின்றது. மோந்தேன். பக்கத்தில் நின்ற கங்காணியும் தன்னை அறியாமல் மூச்சை இழுத்தார். என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கெட்டதா, நல்லதா? பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினேன். வேடிக்கை பார்க்கக் கங்காணியும் கூடவே ஏறினார்.

ஹாஜியார் என்னைக் கண்டதும், "என்ன, இன்னும் வெறகு கொண்டுவந்தா?" என்றார். நான் தாளைப் பிரித்து மேசையில் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்த மனுஷர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் சுற்றினார், விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன் சம்பந்தியம்மா. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"பூசணமாங்க?" என்றேன்.

"பூசணமா? அல்லாவே!" கண்ணைத் திறந்தார். "இது வனிலாட சத்து. பக்குவம் சரியா வந்தா, பொத்திப் பொத்தி வெச்சா, உள்ளுக்கு ஈக்கிற சத்து தானா வெளிய வந்து பூக்கும். நாப்பது வருஷமா இந்தக் கடையில உக்காந்து ஈக்கிறன். ரெண்டே ரெண்டு தரந்தான் கண்டு ஈக்கிறன். இது யாருட கை?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். கங்காணி நின்றார். யாரோ அன்றைக்கும் என் கையில் ஒரு பிளேன்டீக் கோப்பையைக் கொடுத்திருந்தார்கள். அதை மேசையில் வைத்தேன்.

"என் சம்மந்தியம்மா கை" என்றேன். "அவங்க பூவத் தொட்டாங்க, அவங்க வெந்நீர்ல போட்டாங்க, அவங்க கம்பளியில சுத்துனாங்க. போன தரம் வெறகாக்கினது நான். அவங்க இல்ல. அவங்க சொன்னதக் கேக்காம தேயிலை மாதிரி வறுத்துப்புட்டேன். எம் பேரு கெடக் கூடாதுன்னு பழிய அவங்க வாங்கிக்கிட்டாங்க. நான் வாய மூடிக்கிட்டு இதே எடத்துல டீ குடிச்சிக்கிட்டு நின்னேன்."

சொல்லி முடித்ததும் உடம்பு இலேசாகிவிட்டது. கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியார் எழுந்துபோய், மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலை இறக்கி, துடைத்து, நம் காய்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்தார். ஒரு துண்டுக் கடதாசியும் பேனாவும் எடுத்தார்.

"அவங்கட பேரு என்ன? எழுதி ஒட்டணும். நல்ல சரக்குக்குக் கை யாருட எண்டு தெரியணும்."

சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் ஆட்களிடம் இல்லை. நீங்கள் உயிரோடு இருந்த காலமெல்லாம் உங்கள் பெயர் என் வாயிலிருந்து வந்ததில்லை. கல்யாணக் கடதாசியில் வாசித்ததோடு சரி. இந்த மடலிலும் நான் எழுதவில்லை பாருங்கள், கை வரமாட்டேன் என்கிறது. ஆனால் அன்றைக்கு ஹாஜியார் கடையில், கடைவீதிக்கே கேட்கும்படி, அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கங்காணி ஹாலிஎலை வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "அந்தக் கம்பளிய அன்னிக்கு நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். மறுநாள் பீலிக்கரையில் அவரே எல்லோருக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், என்னை நன்றாகத் திட்டித்தான். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டேன். காதுக்கு இனிப்பாக இருந்தது.

கம்பளியை உங்களோடு அனுப்பாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். இந்த மார்கழிக்கும் அது வேண்டும். வேலியில் காய்கள் சடைசடையாகத் தொங்குகின்றன, நான் தொட்டுப் பிழைத்த பூக்கள். அண்டாத் தண்ணீரில் என் சுண்டுவிரலை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், இரண்டு தடவை சுட்டும்விட்டது. நம் பெட்டியிலிருந்து ஒரே ஒரு காயை ஹாஜியாருக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டேன். அது என் சட்டைப் பையில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் தேயிலை மணத்த சட்டைப் பை இப்போது உங்கள் வீட்டு வாசம் அடிக்கிறது. சரோஜா தோய்க்கும்போதுகூட அந்தக் காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு எந்தப் பேரு இருக்கு என்று அன்றைக்குப் பஸ்ஸில் கேட்டீர்களே. நேற்று மறுபடியும் பதுளைக்குப் போனேன், வேறு வேலை ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டு வரத்தான். போத்தல் முன்தட்டில் இருந்தது, ஆனால் கடதாசி உள்பக்கம் திரும்பியிருந்தது. ஹாஜியாரிடம் சொல்லி, உங்கள் பெயர் தெருவைப் பார்க்கும்படி திருப்பிவைத்துவிட்டு வந்தேன்.